முற்றிய மறதிநோயில் நாற்காலியிலேயே இருக்கும் அம்மாவின் கைகளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

பொருநை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 76 வயது ஆகிறது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு அவருக்கு அல்சைமர் நோய் இருப்பதை மருத்துவர் உறுதிசெய்தார். இப்போது நோய் முற்றிவிட்டது. என் பெயர் அவருக்குத் தெரியாது. நான் மகள் என்பதும் நினைவில் இல்லை என்றே தோன்றுகிறது. ஒரு நாளில் அவர் பேசும் சொற்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். கைத்தாங்கலாகப் பிடித்தால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நாலு எட்டு வைப்பார். அதற்குமேல் நடை இல்லை. காலை ஒன்பது மணிக்குக் கூடத்தில் உட்காரவைத்தால் மதியச் சாப்பாடு வரை அப்படியே இருக்கிறார். முந்தானை ஓரத்தைப் பிடித்துச் சுருட்டுவார், விரிப்பார், மறுபடியும் சுருட்டுவார். அவர் தானாகச் செய்யும் காரியம் அது ஒன்றுதான். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்தபடி இருக்கிறார்.

முக்கூடல் பக்கத்து ஊரில் முப்பத்தைந்து ஆண்டுகள் பீடி சுற்றி எங்கள் மூன்று பேரையும் படிக்கவைத்தவர் அவர். அவருடைய கை சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் இந்த வெறுமையான இருப்பை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. தம்பி சென்னையிலிருந்து படம் சேர்க்கும் அட்டைகளும் வண்ணக் கட்டைகளும் வாங்கி அனுப்பினான். அம்மா அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு கட்டையை மட்டும் எடுத்து வாயில் வைத்தார், நான் பதறிப்போய்ப் பிடுங்கினேன், அவர் அழுதுவிட்டார். பழைய புகைப்படங்களைக் காட்டி இது யார், அது யார் என்று கேட்டுப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்த நிலையில் இருப்பவர்களை உட்கார்ந்த இடத்திலேயே ஏதாவது ஒன்றில் ஈடுபடுத்த வழி இருக்கிறதா? மழலையர் பள்ளிகளில் பயன்படுத்தும் மாண்டிசோரிப் பொருட்கள் உதவும் என்று ஒருவர் சொன்னார். பெற்று வளர்த்தவருக்குக் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களைக் கொடுப்பது அவரை அவமதிப்பதாகாதா? சென்னையில் தமிழிலேயே குழுவாக நடத்தும் அறிவுத்தூண்டல் பயிற்சி இருப்பதாகவும் கேள்விப்பட்டேன். அதற்குக் காலம் கடந்துவிட்டதா?

கொங்குத்தென்றல் எழுதியது:

அன்புள்ள பொருநை, நான் கோயம்புத்தூரில் பதினெட்டு ஆண்டுகளாக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டாக, அதாவது அன்றாட வேலைகளில் ஈடுபட உதவும் சிகிச்சையாளராகப் பணிபுரிகிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குறிப்பிடும் பயிற்சி இங்கிலாந்தில் உருவானது. பின்னர் சென்னையில் நம் பழக்கவழக்கங்களுக்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்டது. வாரம் இருமுறை வீதம் ஏழு வாரங்களில் 14 அமர்வுகள் நடக்கும். ஆனால் அது லேசான, நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கானது. பேச்சும் கலந்துரையாடலும் அதற்கு வேண்டும். உங்கள் அம்மாவுக்கு அது பொருந்தாது. அவருக்குப் பொருந்துவது வேறு. அதற்கான விடையை உங்கள் கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள்.

முந்தானையைச் சுருட்டுகிறார் என்றீர்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் பீடி சுற்றியவரின் விரல்கள் அவை. அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது, நேற்று நடந்ததைப் பதிந்து வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியைத்தான். திரும்பத் திரும்பச் செய்து கையில் படிந்துபோன பழக்கங்கள் மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தவை. அவை நீண்ட காலம் தாக்குப்பிடிக்கும். மகளின் பெயரை மறந்த ஒருவரின் கை கீரை ஆய மறக்காமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். உங்களை விட அந்த வேலை அவருக்குப் பெரிதாகிவிட்டது என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். அவை சேமித்து வைக்கப்பட்ட இடங்களே வேறு.

வேலைக்கு முன்னால் நாற்காலியைப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் முயற்சி தோற்பது இங்கேதான். பிளாஸ்டிக் நாற்காலியில் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே வரும். விழுந்துவிடுவோமோ என்று பயப்படும் உடம்பு கைகளை வேலைக்கு விடாது, நாற்காலியைப் பற்றிக்கொள்ளவே வைத்திருக்கும். கைப்பிடி உள்ள, வழுக்காத நாற்காலியில் இடுப்பு பின்பக்கம் வரை ஒட்டியிருக்கும்படி உட்காரவையுங்கள். பாதம் இரண்டும் முழுமையாகத் தரையில் படிய வேண்டும். எட்டவில்லை என்றால் ஒரு மணைப்பலகையைக் காலடியில் போடுங்கள். முன்னால் வைக்கும் மேசை முழங்கை உயரத்துக்கு இருக்கட்டும். சன்னலைப் பார்த்து உட்காரவைத்தால் கண் கூசும்; வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். கண்ணாடி துடைத்துப் போட்டிருக்கிறதா, சிறுநீர் கழித்தாயிற்றா, எங்காவது வலி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

நோய் முற்றும்போது பார்வையின் அகலம் சுருங்கிவிடுகிறது. பக்கத்தில் வைத்த பொருள் அவருக்கு இல்லாத பொருள். எதுவானாலும் முகத்துக்கு நேராக, ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். வெள்ளை மேசைமேல் வெள்ளைக் காகிதம் தெரியாது. கரும்பச்சைத் துணியை விரித்து அதன்மேல் வையுங்கள். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள்.

இனி, அந்தக் கட்டைகளும் அட்டைகளும் ஏன் தோற்றன? அவற்றில் சரி, தவறு என்று இரண்டு இருக்கின்றன. பல படிகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர் வாழ்ந்த வாழ்க்கையோடு அவற்றுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. புகைப்படத்தைக் காட்டி யார் என்று கேட்பதும் தேர்வு வைப்பதுதான். விடை தெரியாது என்பது தெரிந்தும் தெரியாமலும் அவருக்கு உறுத்துகிறது, அதனால்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்தக் கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள். "இது நம்ம பெரியக்கா கல்யாணம், அன்னைக்கு நல்ல மழை" என்று நீங்களே சொல்லிக்கொண்டு காட்டுங்கள், போதும்.

மாண்டிசோரியைப் பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனால் அங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது முறையைத்தான். சாமான்களை வாங்க வேண்டியதில்லை. 1939இல் அடையாறுக்கு வந்து, உலகப்போர்க் காலத்தை அங்கும் கொடைக்கானலிலுமாகக் கழித்து, நம் ஆசிரியர்கள் பலரைப் பயிற்றுவித்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, சிறு பிள்ளைகளுக்குத் துணி மடிப்பது, தண்ணீர் ஊற்றுவது, தானியம் பிரிப்பது போன்ற உண்மையான வீட்டு வேலைகளை ஒவ்வொரு படியாகச் செய்து காட்டிக் கற்றுக்கொடுத்தார். 1990களில் கேமரன் கேம்ப் என்ற அமெரிக்க உளவியலாளர் அந்த முறையை மறதிநோய் உள்ள முதியோருக்குக் கொண்டுவந்தார். பேச்சைக் குறைத்துச் செய்துகாட்டுவது, ஒரு நேரத்தில் ஒரே படி, கையில் எடுத்தால் உண்மையான பொருளாக இருப்பது, தவறே நேராதபடி வேலையை அமைப்பது என்பதே அதன் சாரம். உங்கள் அம்மாவுக்குப் பிள்ளைகளின் கட்டைகள் வேண்டாம். அவருடைய பீடித்தட்டு வேண்டும்.

பழைய தட்டு இருந்தால் துடைத்து மடியில் வையுங்கள். புகையிலைத் தூள் கூடவே கூடாது. வாயில் போட்டால் நஞ்சு, தூசி நெஞ்சுக்கும் ஆகாது. பழுப்பு நிறத் தடித்த காகிதத்தை இலை அளவுக்கு நீங்களே நறுக்கி அடுக்கிக்கொடுங்கள். கத்தரியைக் கொடுக்க வேண்டாம். முதலில் நீங்கள் எதிரே உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், மெதுவாக ஒன்றைச் சுருட்டுங்கள். அடுத்த காகிதத்தை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். மனத்துக்குள் இருபது வரை எண்ணுங்கள். நமக்கு அது நெடுநேரமாகத் தோன்றும், அவருக்கு அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது. கை நகராவிட்டால் அவர் கையை மேலிருந்து பிடித்து இயக்காதீர்கள். உங்கள் கையை அவர் கைக்கு அடியில் கொடுங்கள். உங்கள் கை செய்வதை அவர் கை மேலிருந்தபடி உணரும், வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்ளவும் முடியும்.

சுருட்டியது பிரிந்துபோனால் போகட்டும். அவர் பார்க்கத் திருத்தாதீர்கள். பத்து நிமிடம் ஈடுபட்டால் அதுவே நல்ல பலன். தள்ளுவது, முகம் சுளிப்பது, கண்ணை மூடிக்கொள்வது ஆகியவை போதும் என்பதற்கான அடையாளங்கள்; உடனே நிறுத்தி, கையைத் துடைத்துவிட்டு, நன்றி சொல்லுங்கள். காலை உணவுக்குப் பிறகான நேரமே பெரும்பாலோருக்கு உகந்தது.

இதைத் தவிர முருங்கைக்கீரை உருவலாம். காம்பைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தால் இலை தானாக வந்துவிடும், வாசனையும் சேர்ந்து வரும். துண்டு மடிக்கலாம். வெற்றிலையைத் துடைத்து அடுக்கலாம்.

வைகைக்கரையான் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். என் அப்பா பேருந்து நடத்துநராக இருந்தவர். 2021இல் காலமானார். அவருடைய கடைசி இரண்டு ஆண்டுகளில் வீட்டில் செய்தித்தாள் தங்காது. கைக்கு எட்டியதையெல்லாம் கிழித்துவிடுவார். நாங்கள் அதைத் தொல்லை என்று நினைத்து, தாள்களை ஒளித்துவைத்தோம். கை வெறுமையானதும் அவர் வேட்டியைக் கிழிக்க ஆரம்பித்தார். ஒரு நாள் என் அத்தை வந்து சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணன் டிக்கெட் கிழிக்கான்டா" என்றார். நான் மறுபடியும் பார்த்தேன். இடது கைப் பெருவிரல் தாளை அழுத்திப் பிடித்திருக்க, வலது கை மேலிருந்து கீழாக ஒரே அளவில் கிழித்து, கிழித்ததை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொள்ள யாரும் இல்லாததால் அவை தரையில் விழுந்துகொண்டிருந்தன. எத்தனை மாதங்கள் அவர் நீட்டியதை நாங்கள் வாங்காமல் இருந்தோம் என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

அன்றிலிருந்து வண்ணத்தாள்களை நீளவாக்கில் வெட்டி, ஒரு முனையில் கிளிப் போட்டுக் கட்டாகக் கொடுத்தோம். எதிரே ஒருவர் உட்கார்ந்து, நீட்டியதை வாங்கிக்கொள்வோம். என் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் "தாத்தா, தெப்பக்குளம் ஒண்ணு" என்று கையை நீட்டுவாள். பதில் பேச மாட்டார். ஆனால் அவள் சொல்லி முடித்த பிறகே கிழிப்பார்.

நான் எழுத வந்தது இன்னொன்றையும் சொல்வதற்காக. உற்சாகத்தில் அவருடைய பழைய தோல்பையையும் சில்லறைக் காசுகளையும் கொடுத்தோம். அது தவறாகிவிட்டது. காசைத் தொட்டதும் எண்ணத் தொடங்கினார், எண்ண முடியவில்லை, வியர்த்துப்போய், பையைத் துழாவி, எழுந்திருக்க முயன்று, இரவு முழுவதும் தூங்காமல் புலம்பினார். வேலையில் இருந்தபோது கணக்கு இடித்தால் சொந்தப் பணத்தைக் கட்ட வேண்டியிருந்தது என்று அம்மா சொன்னார். ஆகவே பழைய வேலையில் எந்தப் பகுதி அவர்களுக்கு இதமாக இருந்தது, எது பாரமாக இருந்தது என்பதை உடன் வேலை பார்த்தவர்களிடமோ உறவினர்களிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பீடிக் கடையில் கட்டைப் பிரித்துப் பார்த்துக் கழித்துத் தள்ளுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உங்கள் அம்மா சுருட்டியதை அவர் கண்முன் பிரித்துப் பார்க்காமல் இருப்பது நல்லது என்று தோன்றுகிறது.

அந்திமந்தாரை எழுதியது:

நான் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் செவிலியராக இருக்கிறேன். மேலே இருவரும் எழுதியதை முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையும் ஓய்ந்துபோகும் ஒரு காலம் வரும். அப்போது என்ன செய்வது என்பதையும் பொருநை இப்போதே அறிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

எங்கள் இல்லத்தில் காகிதத்தைக்கூடப் பற்ற முடியாத சிலர் இருக்கிறார்கள். தினமும் காலையில் நான்கைந்து பேரை வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவராகக் கைகளை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயை உள்ளங்கையிலிருந்து விரல் நுனி வரை மெதுவாகத் தடவிவிடுகிறோம். பெயரைச் சொல்லி அழைத்து, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவோம். அமெரிக்காவில் ஜாய்ஸ் சிமார்ட் என்பவர், நோய் முற்றியவர்களுக்காக உருவாக்கிய பராமரிப்பு முறைக்கு நமஸ்தே என்றே பெயர் வைத்திருக்கிறார். அமைதியான அறை, அன்பான தொடுகை, மணம், இசை, அவ்வப்போது பருக ஏதாவது என்பதுதான் அதிலும் உள்ளடக்கம். நம் வீடுகளில் இதற்கென்று எதையும் வாங்க வேண்டியதில்லை. மல்லிகைச் சரத்தை மூக்கருகில் கொண்டுபோனால், அதுவரை தலை தொங்கியிருந்த ஒரு பாட்டி நிமிர்ந்து, கையைப் பின்னங்கழுத்துக்குக் கொண்டுபோவார். பூ வைத்துக்கொள்ளும் கை அது. அதற்காகவே எங்கள் இல்லத்தில் நாள்தோறும் பூ வாங்குகிறோம்.

கை ஓரளவு அசைபவர்களுக்குப் பலூன் நல்லது. மெதுவாக வருவதால் கண் அதைப் பின்தொடர நேரம் கிடைக்கிறது; தட்டுவதற்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. உடைந்தால் துண்டுகளை உடனே பொறுக்கிவிட வேண்டும். பாட்டைப் பொறுத்தவரை அவர்களுடைய இருபது வயதில் கேட்ட பாட்டாக இருக்க வேண்டும். ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவரை அழவைக்கக்கூடும். அதனால் முகத்தைப் பார்த்துக்கொண்டே போடுங்கள். தாளம் தட்டாவிட்டாலும் கால் விரல் அசையும். கண் ஒருவரைப் பின்தொடர்வதையும் நாங்கள் பங்கேற்பாகவே குறித்துவைக்கிறோம்.

மூன்று எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். வாயில் வைக்கும் பழக்கம் இருப்பதால் புளியங்கொட்டை, சோழி, மணி, பொத்தான் எதையும் அருகில் வைக்கக் கூடாது. பல்லாங்குழி ஆடியவர் என்று ஆசைப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். வாயில் வைத்துவிட்டால் பிடுங்காமல், ஒரு துண்டு வாழைப்பழத்தைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். கை தானாக விட்டுவிடும். அடுத்து, ஒன்பது மணி முதல் மதியம் வரை ஒரே இருப்பு என்று எழுதியிருந்தீர்கள். அது என்னைக் கவலைப்படுத்துகிறது. தானாக அசைந்து உட்கார முடியாதவருக்குப் படுக்கைப்புண் உட்கார்ந்த இடத்திலும் வரும். மெத்தென்ற திண்டு போட்டு, அரை மணிக்கு ஒருமுறையாவது பாரத்தை இடம் மாற்றிவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து உட்காரவைக்க வேண்டாம். இடுப்பெலும்புப் பகுதியில் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். கடைசியாக, நேற்றுவரை ஈடுபட்டவர் இன்று திடீரென்று முழுவதும் ஒதுங்கிப்போனாலோ குழம்பிப்போனாலோ, நோய் கூடிவிட்டது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி ஆகியவை இப்படித்தான் வெளிப்படும்.

பொருநை எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

பீடித்தட்டு பரணில் இருந்தது. துடைத்து மடியில் வைத்த முதல் நாள் அம்மா அதன் விளிம்பை மட்டும் தடவிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் தட்டைத் தள்ளிவிட்டார். நான் அவசரப்பட்டுப் பேசிக்கொண்டே இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். நான்காம் நாள் பேசாமல் எதிரே உட்கார்ந்து நான் சுருட்டினேன். எனக்கு ஒழுங்காக வராது, சின்ன வயதிலும் வந்ததில்லை. அம்மா நெடுநேரம் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையிலிருந்த காகிதத்தை எடுத்து, ஒரு முனையை ஒடுக்கி, மறுமுனை அகன்று இருக்கும்படி சுருட்டி, அகன்ற வாயைப் பெருவிரல் நகத்தால் உள்ளே மடக்கிவிட்டார். அந்த நகத்தின் அசைவைப் பார்த்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அன்று ஏழு சுருட்டினார். இப்போது சில நாட்கள் பத்து, பன்னிரண்டு. சில நாட்கள் ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாத நாட்களில் எண்ணெய் தடவிவிட்டு, கூடவே உட்கார்ந்திருக்கிறேன். காலடியில் மணை போட்ட பிறகு அவர் வழுக்குவது நின்றுவிட்டது. அரை மணிக்கு ஒருமுறை நகர்த்தி உட்காரவைக்கிறோம். பதினொரு மணிக்குக் கட்டிலுக்குக் கொண்டுபோய்விடுகிறோம்.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. சுருட்டியதைப் பிடித்துக்கொண்டு வலது கையைக் காற்றில் சுற்றுகிறார். நூல் தேடுகிறார் என்பது எனக்குப் புரிகிறது. அந்தக் காலத்து மெல்லிய நூலைக் கொடுக்கலாமா?

கொங்குத்தென்றல் எழுதியது:

மெல்லிய நூல் வேண்டாம். விரலில் இறுகினால் அவரால் சொல்ல முடியாது. தடித்த கம்பளி நூலைச் சிவப்பு நிறத்தில் வாங்கி, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஒவ்வொன்றாக நீங்களே கையில் கொடுங்கள்; கண்டாகக் கொடுக்காதீர்கள். முடிச்சுப் போட வராது, சுற்றினால் போதும். நூல் கையில் இருக்கும் நேரம் முழுவதும் நீங்கள் எதிரிலேயே இருங்கள். தட்டை எடுக்கும்போது துண்டுகளை எண்ணி எடுத்துவிடுங்கள்.